நமக்கு வேண்டியது இன்னொரு ரசீன் பாதிரியார்

கணிதம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். என் அண்ணன் பேத்தி கணிதத்தில் பிஎச்.டி. செய்கிறாள் என்று தென்காசியில் யாரிடம் சொன்னாலும், "அப்படியா, அப்ப ராமானுஜம் மாதிரி வருவா" என்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, "அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" இரண்டாவது கேள்விக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள், மாதாமாதம் உதவித்தொகை வாங்கும் பெண். முதல் வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். ராமானுஜன் மேல் எனக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கதையை நாம் சொல்லும் விதத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாகச் சொல்லத் தகுந்த இன்னொரு கதை நம்மிடமே இருக்கிறது. அந்தக் கதை, இந்தப் பெண் படிக்கிற விஷயத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே அவள் என்ன படிக்கிறாள் என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பொறுமை உள்ளவர்கள் தொடரவும்.

அவள் ஆராய்ச்சியின் பெயர் இது: சிம்ப்ளெக்டிக் வடிவியலில் போலி ஹோலோமார்ஃபிக் வளைவரைகளின் மாடுலி வெளிகள். கல்யாணப் பத்திரிகையில் போட முடியாத பெயர் என்று அவள் பாட்டி சொல்லிவிட்டார். சென்ற ஆடியில் சாரல் சமயத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். அப்போது அவளைக் கேட்டுக் கேட்டும், பிறகு பிரெஞ்சில் கிடைத்ததைப் படித்தும் எனக்குப் புரிந்த அளவைச் சொல்கிறேன். நான் கணித வாத்தியார் அல்ல. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் நிலப் பதிவேடுகளோடு முப்பத்து நான்கு வருஷம் எழுத்தராக இருந்துவிட்டு, மனைவியின் ஊரான தென்காசிக்கு வந்து சேர்ந்தவன். பதிவேடுதான் எனக்குத் தெரிந்த உலகம். அதிர்ஷ்டவசமாக, மாடுலி வெளி என்பதும் ஒரு வகைப் பதிவேடுதான்.

ஒரு காகிதத்தில் வட்டம் வரைய மூன்று எண் போதும். நடுப்புள்ளி குறுக்கே எவ்வளவு தூரம், மேலே எவ்வளவு தூரம், ஆரம் எவ்வளவு. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் வட்டம் முடிந்தது. அப்படியானால் உலகத்தில் உள்ள எல்லா வட்டங்களையும் ஒரு பதிவேட்டில் ஏற்றிவிடலாம், ஒரு பதிவுக்கு மூன்று கலம். கணிதக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மூன்று எண் என்றால் நீளம், அகலம், உயரம் போல ஒரு இடத்தில் உள்ள புள்ளி. ஆகவே அந்தப் பதிவேடே ஓர் இடம். அதில் ஒரு புள்ளி என்பது ஒரு முழு வட்டம். பக்கத்துப் புள்ளி என்பது கிட்டத்தட்ட அதே போன்ற இன்னொரு வட்டம். நம் அலுவலகப் பதிவேட்டில் இந்த வசதி கிடையாது. 212-ஆம் சர்வே எண்ணும் 213-ஆம் சர்வே எண்ணும் வயலில் பக்கத்தில் இருக்கும், ஒன்று நஞ்சை, மற்றது புறம்போக்கு. மாடுலி என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் முதலில் பயன்படுத்தியவர் ஜெர்மானியரான ரீமான், 1857-இல். பிரெஞ்சில் நிலப் பதிவேட்டுக்கு மாத்ரீஸ் என்று பெயர். கணிதத்தில் அணி என்று நாம் சொல்வதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். பள்ளியில் படித்த காலத்தில் இது எனக்குத் தற்செயலாகத்தான் தோன்றியது.

பதிவேடு எதற்கு? எண்ணுவதற்கு. இரண்டு புள்ளி கொடுத்தால் அவற்றின் வழியாக ஒரே ஒரு நேர்கோடு போகும். ஐந்து புள்ளி கொடுத்தால் ஒரே ஒரு கூம்பு வளைவு (வட்டம், நீள்வட்டம், பரவளையம் எல்லாம் அந்தக் குடும்பம்). இதற்கு அடுத்த வரிசையில், மூன்றாம் படி வளைவரைகளில் ஒரு குறிப்பிட்ட வகையை எடுத்துக்கொண்டு எட்டுப் புள்ளி கொடுத்தால், 12 வரும். நான்காம் படியில் 11 புள்ளிக்கு 620. ஐந்தாம் படியில் 14 புள்ளிக்கு 87,304. இந்த எண்கள் எந்தப் படி வரைக்கும் வேண்டுமானாலும் கணக்கிட ஒரு சூத்திரத்தை 1990-களில் கொடுத்தவர் மாக்சிம் கொன்ட்செவிச். ஒவ்வொரு வளைவரையாக வரைந்து எண்ணி இதைச் செய்ய முடியாது. பதிவேட்டின் உருவத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இனி சிம்ப்ளெக்டிக். பின்னிச் சேர்த்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெர்மன் வைல் 1939-இல் உருவாக்கிய பெயர். ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் அடுத்து என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம். இரண்டையும் ஒரு காகிதத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். பல ஊஞ்சல்களைக் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக ஆட்டிவிட்டால் காகிதத்தில் ஒரு திட்டு கிடைக்கும். நேரம் போகப் போக அந்தத் திட்டு நெளியும், நீளும், ஆனால் அதன் பரப்பு மாறாது (உராய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால்). இடமும் வேகமும் ஜோடி ஜோடியாகப் பின்னிய வெளிகளில், இந்தப் பரப்பு மட்டுமே அளவுகோல். முழம் கிடையாது, கோணம் கிடையாது.

இதை அவள் எனக்குச் சொன்னது ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றபோது. "தண்ணிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா, சின்னத் தாத்தா?" என்றாள். தண்ணீருக்குக் கன அளவு மாறாது, அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீரைக் கை விரல் இடுக்கு வழியாகவும் ஊற்றிவிடலாம், நேரம் ஆகும், ஆனால் முழுவதும் போய்விடும். பேரருவியில் பொங்குமாகடலில் விழுந்து பொங்கி வழியும் தண்ணீர், பாறை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்துக்கு ஒடுங்கி இறங்குகிறது. சிம்ப்ளெக்டிக் வெளியிலும் கன அளவு மாறாது. ஆகவே ஓர் உருண்டையை எவ்வளவு குறுகலான குழாயிலும் நீட்டி நுழைத்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். முடியாது என்று 1985-இல் நிரூபித்தார் மிகைல் கிரோமோவ். இடமும் வேகமும் சேர்ந்த ஜோடித் திசையில் குழாய் உருண்டையைவிடக் குறுகலாக இருந்தால், என்ன செய்தாலும் உருண்டை உள்ளே போகாது. ரஷ்யாவில் பிறந்தவர், அப்போது பாரிஸுக்கு அருகே பியூர்-சூர்-இவெத் என்ற ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்.

அவர் அதற்குக் கையாண்ட கருவிதான் போலி ஹோலோமார்ஃபிக் வளைவரை. கோணம் இல்லாத வெளியில், ஒவ்வொரு புள்ளியிலும் 90 டிகிரி திருப்பு என்றால் என்ன என்று நாமே ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறோம். அந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் பரப்புகள்தான் இவை. அசல் ஹோலோமார்ஃபிக் என்பதற்கு வேண்டிய முழு ஒழுங்கு இல்லாததால் போலி என்ற பெயர். "போலின்னா கள்ள நோட்டு மாதிரி இல்ல, பதில் ஆள் மாதிரி" என்றாள். ஏற்பாட்டை மாற்றினால் வளைவரைகள் நெளியும், சில மறையும், சில தோன்றும். ஆனால் கூட்டல் கழித்தல் குறியோடு எண்ணினால் எண்ணிக்கை மாறுவதில்லை. எண்ணிக்கை ஒன்று என்றால், ஏற்பாட்டை எப்படி மாற்றினாலும் அங்கே ஒரு வளைவரை இருந்தே தீரும். அந்த ஒன்றை வைத்துத்தான் உருண்டையின் அளவுக்கு வரம்பு கட்டினார்.

எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டுமானால், பதிவேட்டிலிருந்து எந்தப் பதிவும் ஓசையில்லாமல் காணாமல் போகக்கூடாது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது, முப்பத்து நான்கு வருஷம் அந்த பயத்தோடுதான் வேலை பார்த்தேன். வளைவரைகளின் ஒரு வரிசை மாறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் கிள்ளிக்கொண்டு உடைகிறது. ஒரு குமிழி பிரிகிறது. அருவியின் அடியில் நீர்க்குமிழி ஒன்று இடுப்பு ஒடுங்கி இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. பரப்புக்கு வரம்பு இருந்தால் குமிழி பிரிவதைத் தவிர வேறு விபத்து நேராது என்பது கிரோமோவின் முக்கியமான முடிவு. எனவே குமிழி பிரிந்த வளைவரைகளையும் பதிவேட்டில் ஓரத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி ஏற்றிவிட்டால் கணக்கு முடிந்தது. கேட்க எளிது. அந்த ஓரப் பக்கங்களைச் சரியாக எழுதுவது எப்படி என்பதில்தான் நாற்பது ஆண்டுகளாகப் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி.

கணிதம் இத்தோடு முடியவில்லை, ஆனால் நான் சொல்ல வந்த கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பேச்சுவாக்கில் அவள், "எங்க சப்ஜெக்ட்ல பெரிய உதாரணமே ரெண்டு தமிழ்க்காரங்க கண்டுபிடிச்சதுதான்" என்றாள். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. மற்றவர் அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில் தண்டரை என்ற கிராமத்தில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன். இருவரும் பிறந்தது 1932-இல். சேஷாத்ரி பிப்ரவரி 29-இல் பிறந்தவர் என்பதால் பிறந்த நாள் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான். 1965-இல் இவர்கள் சேர்ந்து நிரூபித்த தேற்றத்துக்கு உலகம் முழுவதும் நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் என்று பெயர். நான் கேள்விப்பட்டதே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

உளுந்து வடையை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு ஓட்டை. இரண்டு மூன்று ஓட்டை உள்ள வடையும் தட்டலாம். அந்த வடையின் மேற்பரப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு வெளியை ஊன்றி வைக்கிறோம், பாயில் கோரை நிற்பது போல. பிரெஞ்சில் இதற்கு ஃபிப்ரே என்று பெயர், தமிழில் கற்றை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையைச் சுற்றி வரும்போது கற்றை முறுக்கிக்கொள்ளலாம். எத்தனை விதமாக முறுக்கலாம் என்பதற்கு ஒரு பதிவேடு போட வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றினால் பதிவேடு குழம்பிவிடும், ஒரு பதிவும் அடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே நிலையான கற்றைகளை மட்டும் ஏற்றுங்கள் என்று 1962-இல் டேவிட் மம்ஃபோர்ட் ஓர் அளவுகோல் கொடுத்தார். அது இயற்கணித வழி. இதற்கு வெகு முன்னால், 1938-இல், ஆந்த்ரே வெய் என்ற பிரெஞ்சுக்காரர் வேறு வழியாக யோசித்திருந்தார். ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வா, வரும்போது எவ்வளவு சுழன்றிருக்கிறாய் என்பதைக் குறித்துக்கொள், அந்தச் சுழற்சிகளின் பட்டியல் போதும் என்பது போல. நரசிம்மனும் சேஷாத்ரியும் நிரூபித்தது, நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சொன்னால், இந்த இரண்டு பதிவேடும் ஒன்றே என்பதுதான். ஒரு பக்கத்தில் ஒரு பதிவு இருந்தால் மறுபக்கத்தில் அதற்கு நேரே ஒரு பதிவு உண்டு, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சர்வே அலுவலகப் பதிவேடும் பத்திரப் பதிவு அலுவலகக் குறிப்பும் வரிக்கு வரி ஒத்துப்போவதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. ஆகவே இந்தத் தேற்றத்தின் பெருமை எனக்கு ஓரளவு தெரியும்.

அந்தப் பதிவேடும் ஓர் இடம் என்றேன் அல்லவா. அதற்குச் சிம்ப்ளெக்டிக் பரப்பளவு இயல்பாகவே இருக்கிறது என்று 1980-களில் அதியா, பாட், கோல்ட்மன் போன்றவர்கள் காட்டினார்கள். 1983-இல் சைமன் டொனால்ட்சன் இந்தத் தேற்றத்தை இயற்பியல் சார்ந்த புது வழியில் நிரூபித்தார். பிற்பாடு 2006-இல் சவூதியின் மன்னர் ஃபைசல் பரிசை நரசிம்மனும் டொனால்ட்சனும் பகிர்ந்துகொண்டார்கள். 1994-இல் தோஸ்தோக்ளூ, சாலமன் என்ற இருவர், இந்தப் பதிவேட்டுக்குள்ளேயே கிரோமோவின் போலி வளைவரைகளை எண்ணினார்கள். இயற்பியலிலிருந்து வந்த இன்ஸ்டன்டான் என்பவற்றை எண்ணினால் என்ன வருமோ, ஒரு முக்கியமான வகையில் அதுவே இங்கும் வருகிறது என்று காட்டினார்கள். எங்கள் பெண் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்குப் பாதை தண்டரை வழியாகவும் காஞ்சிபுரம் வழியாகவும்தான் போகிறது.

சரி, அந்த இரண்டு பேருக்கும் இது எப்படி வாய்த்தது? கனவில் எந்தத் தாயாரும் வரவில்லை. சென்னை லயோலா கல்லூரியில் இருவருக்கும் ஆசிரியராக இருந்தவர் சார்ல் ரசீன் என்ற ஏசு சபைப் பாதிரியார். பிரெஞ்சுக்காரர். ரசீன் என்றதும் பள்ளியில் மனப்பாடம் செய்த நாடகாசிரியர்தான் எனக்கு நினைவு வந்தார், இவர் வேறு. பாரிஸில் பட்டம் பெற்று, எலி கார்த்தான் போன்ற பெரியவர்களோடு பழகி, 1937-இல் இந்தியா வந்தவர். முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரி, பிறகு லயோலா. அன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பழைய பிரிட்டிஷ் வழி. தேர்வில் தந்திரக் கணக்குப் போடத் தெரிந்தால் போதும். ரசீன் அந்தத் திட்டத்தோடு நிற்கவில்லை. பிரான்சில் அப்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த புதிய கணிதத்தை நோக்கி மாணவர்களைத் திருப்பினார், புத்தகங்களின் பெயரைச் சொன்னார். தேர்வு முடிந்ததும், பம்பாயில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போ என்று அனுப்பினார். 1953-இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து 1957-இல் பாரிஸ், மூன்று வருஷம். வெய் எழுதிய கட்டுரையும் பிரெஞ்சுதான் என்பதைக் கவனியுங்கள். அந்த அலிகார் வெய்யும் (ஆம், அவர் 1930 முதல் 1932 வரை அலிகார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்) ரசீனுக்குத் தெரிந்தவர். இவர்கள் மட்டும் அல்ல. இளம் வயதிலேயே இறந்துபோன சி.பி. ராமானுஜம் என்ற மேதையும் லயோலாவில் ரசீனின் மாணவர்தான்.

ஒரே ஆளால் எல்லாம் நடந்தது என்று சொல்ல வரவில்லை. பம்பாயில் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பரீட்சை வைக்காமல், படி என்று விட்ட நிறுவனம் இல்லாவிட்டால் ரசீன் சொன்ன புத்தகப் பெயர்கள் காற்றோடு போயிருக்கும். அந்தக் கதையில் பெண்கள் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் பேத்தி அதைத்தான் முதலில் சொன்னாள். ஆனால் பட்டியலைப் பாருங்கள். ஓர் ஆசிரியர், சில புத்தகங்கள், கூடப் படிக்க ஒரு நண்பன், மேற்கொண்டு போக ஓர் இடம். இதில் எது நம்மால் முடியாதது?

ராமானுஜனுக்கு வருகிறேன். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 22-இல், தேசியக் கணித தினத்தன்று, பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்களுக்குச் சுழல் கேடயமும் சால்வையும் கொடுக்கிறோம். ஒருவர் சொற்பொழிவு ஆற்றுவார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார், கல்லூரியில் தோற்றார், வெள்ளைக்காரன் அடையாளம் கண்டான், 32 வயதில் இறந்தார். கைதட்டல். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? எனக்குக் கனவு வரவில்லை, ஆகவே நான் அந்த ரகம் இல்லை, பொறியியல் போகலாம் என்று நினைக்கும். அதைவிடக் கஷ்டம், கதையே அரைகுறை. ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். நம் இனம்தான்! அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். இருவரும் இரவில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த நாராயண ஐயரை எந்தச் சொற்பொழிவிலும் நான் கேட்டதில்லை. கனவுக்கு அரை மணி, சிலேட்டுக்கு அரை நிமிஷம்கூட இல்லை.

சங்கக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது தலைவர் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழைப் பிள்ளைக்கு ராமானுஜம் ஒரு தெம்பு வே. அதையும் பிடுங்காதீரும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட ஒருவர் உலகப் புகழ் பெற்றார் என்பது தெம்புதான். ஆனால் தெம்பு வேண்டும் என்றால் அதற்குக் கும்பகோணம் வரை போக வேண்டாமே. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை என்கிற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயதில் தாயை இழந்தவர், பள்ளிப் படிப்பு முடியும் முன் தந்தையையும் இழந்தார். பள்ளி ஆசிரியர் ஒருவர் பண உதவி செய்து படிக்க வைத்தார். நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை விரிவுரையாளர். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிரூபித்தார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நிறுவனம் ஒரு வருஷத்துக்கு அழைத்தது. போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று, கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ்ஸில் வல்லத்தைத் தாண்டாமல் போக முடியாது. பஸ்ஸில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளையைத் தெரியுமா என்று.

அவர் படித்தது எண் கணிதம், மாடுலி அல்ல. ஆனாலும் அங்கேயும் ஓர் ஆசிரியர் வருகிறார். கேடயத்துக்கும் சால்வைக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் செலவழிக்கும் பணத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள நல்ல கணிதப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய வாங்கலாம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வாரம் ஒருமுறை வந்து போகப் பஸ் செலவும் கொடுக்கலாம் என்று சொன்னேன். நூற்றுக்கு நூறு எடுத்தவர்களுக்கு மட்டும் அல்ல, விரும்பி வருகிற எவருக்கும். கேடயமும் இருக்கட்டும், பார்க்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு "பார்க்கலாம்" என்றால் என்ன என்று தெரியும்.

இன்னொன்றும் இங்கே பல பெற்றோருக்குத் தெரியவில்லை. சேஷாத்ரி பம்பாயிலிருந்து சென்னைக்குத் திரும்பி 1989-இல் ஸ்பிக் அறக்கட்டளையின் கீழ் ஒரு கணிதப் பள்ளியை ஆரம்பித்தார். அதுதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம். 1998 முதல் அங்கே இளநிலைப் பட்டப் படிப்பு உண்டு. சேர்வதற்குத் தனி நுழைவுத் தேர்வு. நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைக்கு ஜே.இ.இ., நீட் தவிர வேறு வாசல் தெரியாத ஊரில், பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் இதை ஒரு வரி எழுதிப்போட்டாலே போதும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. சேஷாத்ரி 2020-இல் காலமானார், நரசிம்மன் 2021-இல். பத்திரிகைகளில் செய்தி வந்தது. எங்கள் சங்கத்தில் இரங்கல் தீர்மானம் எதுவும் நிறைவேற்றியதாக எனக்கு நினைவில்லை.

சங்கத்தை எதிர்பார்க்காமல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சனிக்கிழமை மாலையில் ஆரம்பித்துவிட்டோம். ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் வருகிறார். என் பங்குக்குப் புத்தகங்கள். முதலில் வாங்கியது கூரன்ட்டும் ராபின்ஸும் சேர்ந்து 1941-இல் எழுதிய "வாட் இஸ் மேத்தமேட்டிக்ஸ்". பழையதானாலும் இன்னும் கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பாடப் புத்தகம் அல்லாத கணிதப் புத்தகம் தூங்கிக்கொண்டிருந்தால் எழுதுங்கள், ஆள் அனுப்புகிறேன். இப்போதைக்கு நாலு பேர் வருகிறார்கள், மூன்று பையன்கள், ஒரு பெண். சென்ற வாரம் வட்டத்துக்கு மூன்று எண் என்று காட்டிவிட்டு, நீள்வட்டத்துக்கு எத்தனை என்று ஆசிரியை கேட்டார். பையன்கள் நான்கு என்றார்கள். நடுப்புள்ளிக்கு இரண்டு, நீளம் ஒன்று, அகலம் ஒன்று. அந்தப் பெண் கொஞ்ச நேரம் காகிதத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஐந்து என்றாள்.